சுகர், பிரஷர் வந்துவிட்டால் கப்பலை மறக்க வேண்டியதுதானா? மெடிக்கல் விதிகள் பற்றி

தூத்துக்குடி மோட்டார்மேன்:

எல்லோருக்கும் வணக்கம். பல்க் கேரியர் சரக்குக் கப்பலில் மோட்டார்மேனாக (எஞ்சின் ரூம் ஊழியர்) இருக்கிறேன், வயது 41. அடுத்த காண்ட்ராக்டுக்கு மெடிக்கல் போன இடத்தில் ஹெச்பிஏ1சி (சுகர் கட்டுப்பாட்டைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 9.1, பிரஷர் 164/102 என்று வந்தது. இதற்கு முன் எனக்கு சுகர் என்று யாரும் சொன்னதில்லை. அப்பாவுக்கு உண்டு. கிளினிக்கில் "அன்ஃபிட்" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கையில் ஒரு காகிதமும் தரவில்லை.

கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்டைக் கேட்டால், "பத்து நாள் சோற்றைக் குறை, மாத்திரை போடு, வேறு கிளினிக்கில் எடுத்துக்கலாம். ஃபாரத்தில் சுகர் இருக்கா என்று கேட்கிற இடத்தில் இல்லை என்று டிக் போட்டுவிடு" என்கிறார். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், வீட்டுக் கடன் ஓடுகிறது. இது நிரந்தர அன்ஃபிட்டா? மாத்திரையோடு கப்பல் ஏற விதியில் இடம் இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செகண்ட் மேட்:

அண்ணா, முதலில் ஒன்று தெரிய வேண்டும். நீங்கள் போனது டிஜி மெடிக்கலுக்கா, கம்பெனி மெடிக்கலுக்கா? இரண்டும் ஒரே கிளினிக்கில், ஒரே நாளில் நடப்பதால் நம் ஆட்கள் பலர் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள்.

டிஜி மெடிக்கல் என்பது சட்டப்படியான சான்றிதழ். 2000ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, கப்பல் துறை இயக்குநரகம் (டிஜி ஷிப்பிங்) அங்கீகரித்த டாக்டர் தருவது. எஸ்டிசிடபிள்யூ (கடலோடிப் பயிற்சி, சான்றிதழுக்கான சர்வதேச ஒப்பந்தம்), எம்எல்சி (கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம்) இரண்டும் கேட்பது இதைத்தான். கம்பெனி மெடிக்கல் வேறு. கப்பல்காரரும் அவருடைய பி அண்ட் ஐ கிளப்பும் (கப்பல்காரர்களின் காப்பீட்டுச் சங்கம்), பின்னால் செலவு தங்கள் தலையில் விழக்கூடாது என்று வைத்துக்கொள்ளும் கூடுதல் சல்லடை அது. வயிற்று ஸ்கேன், டிரெட்மில், உடல் எடைக்கு வரம்பு எல்லாம் அதில்தான் அதிகம் வரும். சட்டப்படி ஃபிட்டாக இருப்பவரைக் கம்பெனி வேண்டாம் என்று சொல்வது தினமும் நடக்கிறது.

எதில் தோற்றீர்கள் என்று தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்வது என்று சொல்ல முடியும். காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கரை டாக்டர்:

கடலோடிகளுக்கான பரிசோதனையைப் பல வருடம் செய்தவன் நான். இப்போது வேறு வேலையில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உலகம் முழுக்க டாக்டர்கள் கையில் வைத்துக்கொள்ளும் அடிப்படை நூல், ஐஎல்ஓவும் (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) ஐஎம்ஓவும் (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) சேர்ந்து வெளியிட்ட கடலோடி மருத்துவப் பரிசோதனை வழிகாட்டி. அதில் ஒவ்வொரு நோய்க்கும் மூன்று கட்டங்கள் இருக்கும். முதல் கட்டம், இப்போது கப்பலுக்கு ஆகாது. அதிலேயே தற்காலிகம், நிரந்தரம் என்று இரண்டு உண்டு. இரண்டாவது, கட்டுப்பாட்டோடு போகலாம்: கரையோரக் கடலில் மட்டும், அல்லது தனியாக வாட்ச் (முறைவைத்துக் காவல் பணி) நிற்காமல், அல்லது குறுகிய காலச் சான்றிதழோடு அடிக்கடி பரிசோதனை. மூன்றாவது, எந்தத் தடையும் இல்லை. "அன்ஃபிட்" என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டு வீட்டுக்குப் போய் அழுகிறவர்களில் நிறையப் பேர் உண்மையில் முதல் கட்டத்தின் தற்காலிகப் பிரிவில் இருப்பவர்கள். அதை யாரும் அவர்களுக்கு விளக்குவதில்லை. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

மாத்திரையால் கட்டுப்படும் சுகர்: மருந்து தொடங்கி நிலைப்படும் வரை தற்காலிகமாக ஆகாது. நிலைப்பட்டு, கண், சிறுநீரகம், நரம்பில் பாதிப்பு இல்லை என்றால் தடையே இல்லாமல் ஃபிட் தரலாம். வழிகாட்டியில் ஹெச்பிஏ1சிக்கு இவ்வளவு என்று எண் கிடையாது, "நிலைப்பட வேண்டும்" என்பதுதான். எண் வைப்பது கம்பெனிகள்.

பிரஷர்: 160க்கு மேலோ 100க்கு மேலோ இருந்தால் காரணம் பார்த்து, சிகிச்சை கொடுத்து, இறங்கும் வரை பொதுவாகத் தற்காலிக அன்ஃபிட். சிகிச்சை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொடர்ந்து அதற்கு மேலேயே நின்றால்தான் நிரந்தரம். மருந்தால் இறங்கி, தலைசுற்றல் மாதிரிப் பக்கவிளைவு இல்லை என்றால் தாராளமாகப் போகலாம்.

இன்சுலின் ஊசி போடுகிறவர் கதை வேறு. அங்கே கரையோரப் பணி, தனி வாட்ச் கிடையாது என்ற அளவுக்குத்தான், அதுவும் ஆளைப் பார்த்துத்தான். காரணம் நோய் பெரிதா சிறிதா என்பதில்லை. விடியற்காலை மூன்று மணிக்குப் பிரிட்ஜில் தனியாக நிற்பவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கினால் அந்தக் கப்பலை யார் ஓட்டுவது என்பதுதான் கேள்வி.

இன்னொன்று. பரிசோதனை நாளில் நான் அடிக்கடி பார்த்தது: தென்மாவட்டங்களிலிருந்து இரவு பஸ்ஸில் உட்கார்ந்தபடியே வந்து, பஸ் ஸ்டாண்டில் முகம் கழுவி, இரண்டு டீ குடித்துவிட்டு நேராக வரிசையில் நிற்பார்கள். பிரஷர் 170 காட்டும். இருபது நிமிடம் அமைதியாக உட்காரவைத்து மறுபடி எடுத்தால் 146. நல்ல டாக்டர் மறுபடி எடுப்பார். நீங்களும் முதல் நாளே கிளினிக் இருக்கும் ஊருக்கு வந்து தூங்கிவிட்டுப் போங்கள். ஆனால் பத்து நாள் பட்டினி கிடப்பதால் ஹெச்பிஏ1சி ஏமாறாது. அது கிட்டத்தட்ட மூன்று மாதச் சராசரி.

தூத்துக்குடி மோட்டார்மேன்:

டாக்டர், மிக்க நன்றி. மனசு பாரம் கொஞ்சம் இறங்கியது. எடுத்தது கம்பெனி மெடிக்கலோடு சேர்த்துத்தான். நாளைக்குப் போய் எழுத்தில் கேட்கிறேன். மெட்ஃபார்மின் ஆரம்பித்திருக்கிறார்கள்.

ஃபிட்டர் அண்ணன்:

டாக்டர் சொல்வதெல்லாம் நூலில் சரி. நான் நடப்பைச் சொல்கிறேன், யாரும் கோபப்படக்கூடாது.

"எனக்கு சுகர்" என்று எழுதிக் கொடுத்த நாளிலிருந்து உங்கள் ஃபைல் அடியில் போய்விடும். கம்பெனி "வேண்டாம்" என்று சொல்லாது. "வேக்கன்சி இல்லை, கூப்பிடுகிறோம்" என்று சொல்லும். ஃபோன் வராது. அதற்குள் உங்கள் இடத்தில் இன்னொருவர் ஏறியிருப்பார். நாம் மாதச் சம்பளக்காரர்கள் இல்லை. காண்ட்ராக்ட் முடிந்தால் வருமானம் நின்றுபோகும். மூன்று மாதம் கரையில் உட்கார்ந்து சுகரைச் சரிபண்ணு என்றால், அந்த மூன்று மாதம் அரிசி யார் வாங்குவது? நான் பார்த்த வரையில் எஞ்சின் ரூமில் ஐந்து பேரில் ஒருவராவது பிரஷர் மாத்திரை வைத்திருக்கிறார். வெளியே சொல்வதில்லை. சொல்லாததால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. மறைக்கிறவனைத் திருடன் மாதிரிப் பேசாதீர்கள்.

செகண்ட் மேட்:

அண்ணா, திருடன் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கப்பலில் மருந்துப் பெட்டிச் சாவி என் கையில்தான் இருக்கிறது. அதனால் இந்தப் பக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும்.

நூறு பேரோ அதற்கு மேலோ இருந்து மூன்று நாளுக்கு மேல் போகும் சர்வதேசப் பயணமானால்தான் கப்பலில் டாக்டர் கட்டாயம். நம் சரக்குக் கப்பலில் இருபது சொச்சம் பேர். டாக்டர் நான்தான். அதாவது சில நாள் பயிற்சி, ஒரு மருத்துவக் கையேடு, ஒரு சாட்டிலைட் ஃபோன்.

முந்தைய கப்பலில் ஓர் ஏபி (டெக் மாலுமி), நல்ல உழைப்பாளி. ஒரு மதியம் ஹாட்ச் கவர் (சரக்கு அறை மூடி) பக்கத்தில் உட்கார்ந்தவர் எழவில்லை. பேச்சு குழறுகிறது, வேர்வை கொட்டுகிறது. ரோமில் உள்ள சிஐஆர்எம்மைக் கூப்பிட்டோம். 1935 முதல் கடலில் இருப்பவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் அமைப்பு. எதிர்முனை டாக்டர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று: "என்ன மருந்து எடுக்கிறார்?" எங்களிடம் பதில் இல்லை. அவர் ஃபாரத்தில் எல்லாமே "இல்லை". அறையைத் தேடியபோது வைட்டமின் என்று ஒட்டிய டப்பாவில் மூன்று நிற மாத்திரைகள் கலந்து கிடந்தன. பட்டையை எல்லாம் கிழித்துப் போட்டிருந்தார், பெயர் தெரியக்கூடாது என்று. வெள்ளை மாத்திரை, நடுவில் கோடு என்று ஃபோனில் விவரித்துக்கொண்டிருந்தோம். குளூக்கோமீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் சர்க்கரை தரைமட்டம் என்று தெரிந்தது. பிழைத்துவிட்டார். அடுத்த துறைமுகத்தில் இறக்கினோம்.

அன்று சீஃப் குக்குக்கு மட்டுமாவது தெரிந்திருந்தால் சாப்பாட்டு நேரம் தவறியிருக்காது.

யூனியன்காரர்:

செகண்ட் மேட் சொன்ன ஏபிக்கு அப்புறம் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். சட்டப் பக்கம் நான் சொல்கிறேன்.

எம்எல்சி 2006, விதி 4.2: வேலையில் இருக்கும்போது நோய் வந்தால் சிகிச்சைச் செலவு கப்பல் முதலாளியுடையது. ஊர் திரும்பிய பிறகும் சம்பளமும் சிகிச்சையும் ஓடும். நாடுகள் இதற்கு வரம்பு வைக்கலாம், ஆனால் 16 வாரத்துக்குக் குறைவாக வைக்க முடியாது. இந்தப் பாதுகாப்பிலிருந்து முதலாளி விலகிக்கொள்ள அதே விதியில் சில வாசல்கள் உண்டு. அதில் ஒன்று, வேலையில் சேரும்போது வேண்டுமென்றே மறைத்த நோய். பிலிப்பைன்ஸ் அரசின் நிலையான கடலோடி ஒப்பந்தம் இன்னும் கடுமை. தெரிந்தே மறைத்தால் இழப்பீட்டுத் தகுதியே போய்விடும் என்று நேரடியாக எழுதியிருக்கிறது. இந்தியா 2015 அக்டோபரில் எம்எல்சியை ஏற்றது, 2016இல் நம் விதிகள் வந்தன.

ஆக, ஏஜென்ட் "இல்லை என்று டிக் போடு" என்று சொல்லும்போது ரிஸ்க் முழுவதும் உங்கள் பக்கம் வருகிறது. கையெழுத்து உங்களுடையது. ஏஜென்ட் பெயர் அந்தக் காகிதத்தில் எங்கும் இருக்காது.

இன்னும் இரண்டு விஷயம், விதி 1.2இல் இருக்கிறது. ஒன்று, பரிசோதிக்கும் டாக்டர் தன் மருத்துவ முடிவில் முழுச் சுதந்திரம் உள்ளவராக இருக்க வேண்டும். ஏஜென்டோ கம்பெனியோ அழுத்தம் கொடுக்கக்கூடாது. இரண்டு, சான்றிதழ் மறுக்கப்பட்டாலோ கட்டுப்பாடு போடப்பட்டாலோ, வேறொரு சுதந்திரமான மருத்துவரிடம் மறுபரிசோதனை கேட்க உங்களுக்கு வாய்ப்பு தர வேண்டும். அது உரிமை, யாரும் போடும் பிச்சை அல்ல. பிரிட்டனில் கடலோடிகளுக்கான இஎன்ஜி1 பரிசோதனையில் தோற்றால் இஎன்ஜி3 என்ற காகிதத்தைக் கையில் கொடுத்தே அனுப்புகிறார்கள், மேல்முறையீடு எப்படி என்பதோடு. நம் ஊரில் அந்தக் காகிதத்தை நாம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

ஃபிட்டர் அண்ணன்:

மறைத்தால் கிளெய்ம் போகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. 16 வாரச் சம்பளம் கப்பலில் இருந்து நோயோடு இறங்கியவனுக்கு. காண்ட்ராக்ட் போடும் முன்னாலேயே மெடிக்கலில் தோற்றவனுக்கு?

யூனியன்காரர்:

அவருக்கு எம்எல்சியில் ஒன்றும் இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் இல்லாதபோது முதலாளிக்குப் பொறுப்பும் இல்லை. சில கம்பெனிகளில் ஒரே ஆளைத் தொடர்ந்து வைத்துக்கொள்வதால் சிகிச்சைக்குக் காத்திருக்கிறார்கள், பெரும்பாலானவை காத்திருப்பதில்லை. விடுமுறைக் காலத்திலும் பாதுகாப்பு வேண்டும் என்று கூட்டு ஒப்பந்தப் பேச்சுகளில் கேட்க வேண்டியது இதைத்தான். நீங்கள் சொன்ன பசி நிஜம். அதனால்தான் ஆட்கள் மறைக்கிறார்கள் என்பதும் நிஜம்.

கரை டாக்டர்:

ஃபிட்டர் சொன்னதில் ஒன்றை நான் எடுத்துக்கொள்கிறேன். நேரம்தான் பிரச்சினை. காண்ட்ராக்ட் முடிந்து வந்ததும் முதல் வாரத்திலேயே சொந்தச் செலவில் சுகர், பிரஷர், கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுங்கள். ஜாயினிங் தேதி வந்தபின் பார்த்தால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். லீவிலேயே பார்த்தால் அந்த மூன்று மாதம் லீவுக்குள் அடங்கிவிடும்.

மோட்டார்மேன் தம்பிக்கு: உங்கள் சுகர் டாக்டரிடம் "கப்பலில் எஞ்சின் ரூம் வேலை" என்று கட்டாயம் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிமிபிரைடு வகை மாத்திரைகள் சாப்பாடு தவறினால் இறக்கிவிடும். வாட்ச் மாறும்போதும் பங்கரிங் (எரிபொருள் நிரப்பும்) நேரத்திலும் சாப்பாடு தள்ளிப்போவது உங்களுக்கே தெரியும். டாபாகிளிஃப்ளோசின் போன்றவை சிறுநீரை அதிகமாக்கும். நாற்பது டிகிரிக்கு மேல் வெந்துகொண்டிருக்கும் இடத்தில் வேர்வையும் சேர்ந்தால் உடம்பு வற்றிப்போகும். எது பொருந்தும் என்பதை அவர் முடிவு செய்யட்டும், ஆனால் உங்கள் வேலை என்னவென்று தெரிந்து முடிவு செய்யட்டும்.

நிலைப்பட்டதும் அவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்: எந்த மருந்து, எவ்வளவு நாளாக ஒரே அளவு, சர்க்கரை தாழ்ந்து மயங்கியது உண்டா, கண் விழித்திரையும் சிறுநீரகமும் எப்படி. பரிசோதனை டாக்டர் கையில் இந்தக் கடிதம் இருந்தால் அவர் வேலை பாதி முடிந்தது. கப்பலுக்கு மாத்திரை கொண்டுபோகும்போது காண்ட்ராக்ட் காலத்துக்கும் அதற்கு மேல் இரண்டு மாதத்துக்கும் சேர்த்து, பட்டையோடு, சீட்டோடு. உங்கள் இடத்துக்கு ரிலீவர் (மாற்று ஆள்) வரத் தாமதமாகும், நங்கூரத்தில் வாரக்கணக்கில் நிற்பீர்கள்.

அப்புறம் ஒரு பயம் பலருக்கு உண்டு, கேப்டனுக்கு எல்லாம் தெரிந்துவிடுமே என்று. சான்றிதழில் நோயின் பெயர் எழுதப்படாது. பார்வை, காது, நிறப் பார்வை சரியா, ஃபிட்டா, கட்டுப்பாடு ஏதும் உண்டா, கடல் வேலையால் மோசமாகக்கூடியதோ மற்றவர்களுக்கு ஆபத்தானதோ எதுவும் இல்லையா என்பவைதான் இருக்கும். மருத்துவ விவரம் ரகசியம்.

கேடட் அம்மா:

வணக்கம் சார். விஷயம் கொஞ்சம் வேறு. என் மகனுக்கு நாட்டிக்கல் சயின்ஸ் (டெக் அதிகாரிக்கான படிப்பு) சேர ஆசை. நிறப் பார்வையைச் சோதிக்கும் புள்ளிப் புத்தகத்தில் எண்ணைப் படிக்கத் தடுமாறுகிறான். சிவப்புக் காண்டாக்ட் லென்ஸ் போட்டால் பாஸ் ஆகலாம் என்று ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

செகண்ட் மேட்:

அக்கா, ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நிறத்தைத் திருத்தும் லென்ஸ் போட்டு எடுத்த பரிசோதனை செல்லாது, வழிகாட்டியே அதை அனுமதிக்கக்கூடாது என்கிறது. புள்ளிப் புத்தகத்தில் தடுமாறினால் உடனே முடிந்தது என்றும் இல்லை. நல்ல கண் மருத்துவமனையில் விளக்குப் பரிசோதனை மாதிரி அடுத்த நிலைச் சோதனை எடுத்து, குறை எந்த அளவு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கல்லூரியில் பணம் கட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

டெக் வேலையில் இதற்கு மாற்று வழி கிடையாது. 50 மீட்டருக்கு மேல் நீளமான கப்பலின் பக்க விளக்கு 3 கடல் மைல் தூரத்துக்குத் தெரிய வேண்டும். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. இருட்டில் எதிர்க்கப்பல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அந்த ஒரு புள்ளியை வைத்துத்தான் முடிவெடுக்கிறோம். பையனுக்குக் கடல்தான் ஆசை என்றால் மற்றத் துறைகளைப் பாருங்கள். எஞ்சின் பக்கமும் நிறப் பார்வை பார்ப்பார்கள், ஆனால் அளவுகோல் டெக்கை விடத் தளர்வு.

நாகை சீஃப் குக்:

எனக்கு ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதம் ஆகிறது. வலி இல்லை, நடக்கிறேன். இனி வாய்ப்பு உண்டா? கூட வேலை பார்த்த தம்பி ஒருவனுக்கு வலிப்பு வந்தது. அவனுக்காகவும் கேட்கிறேன்.

கரை டாக்டர்:

உங்களுக்குக் கதவு மூடவில்லை. மாரடைப்போ ஸ்டென்ட்டோ ஆனால் சிகிச்சைக்குப் பின் குறைந்தது மூன்று மாதம் தற்காலிக அன்ஃபிட். அதன்பின் மறுபடி வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்று பரிசோதனைகள் காட்டினால், மருந்தும் தவறாமல் எடுத்தால், முதலில் ஆறு மாதச் சான்றிதழ், பிறகு வருடாவருடம். டிரெட்மில் அறிக்கையும் இதய டாக்டர் கடிதமும் வேண்டும். புகைப்பழக்கம் இருந்தால் இப்போதே விடுங்கள். கம்பெனிகள் இதில் தயங்கும், அதற்கும் தயாராக இருங்கள்.

வலிப்புக்கு விதி கடுமை, கடுமையாகவே இருக்க வேண்டும். ஒரே ஒரு முறை வந்தது என்றால் ஒரு வருடம் ஆகாது. தடையில்லாமல் போக, வந்து ஒரு வருடமும், மருந்தை நிறுத்தி ஒரு வருடமும் கடக்க வேண்டும். காரணம் தெரியாமல் மறுபடி மறுபடி வரும் வலிப்பு நோய் என்றால், மருந்தே இல்லாமல் பத்து வருடம் வராமல் இருந்திருக்க வேண்டும். அந்தத் தம்பி கப்பலுக்குப் போவதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. இதைத் தயவுசெய்து இன்றே அவரிடம் சொல்லுங்கள்.

அலைவாய்க்கரை:

மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்தேன். இப்போது நன்றாக இருக்கிறேன். இதைச் சொன்னால் பைத்தியம் என்று முத்திரை குத்தி வாழ்நாள் முழுக்க ஏற்றமாட்டார்கள் என்கிறார்கள். உண்மையா?

கரை டாக்டர்:

இல்லை. லேசான மனச்சோர்வு, பதற்றம் என்றால் அறிகுறி நீங்கும் வரைதான் தற்காலிகம். நிலையான அளவில் மருந்து எடுத்து நன்றாக இருந்தால் குறுகிய காலமோ குறிப்பிட்ட கடற்பகுதியோ என்று கட்டுப்பாட்டோடு தரலாம். அந்தக் கட்டம் முடிந்து ஒரு வருடம் நன்றாகவே இருந்தால், மருந்து தொடர்ந்தாலும் அது வேலையைப் பாதிக்காதபோது, முழு ஃபிட்டும் ஆளைப் பார்த்துத் தரப்படுகிறது. நீங்கள் சிகிச்சை எடுத்தது நல்லது. தொடர்ந்து டாக்டரைப் பாருங்கள்.

தூத்துக்குடி மோட்டார்மேன்:

எழுத்தில் கேட்டேன். முதலில் "வழக்கமில்லை" என்றார்கள். யூனியன்காரர் சொன்ன விதி எண்ணைச் சொன்னதும் உள்ளே போய் டாக்டரிடம் கேட்டு வந்து கொடுத்தார்கள். "தற்காலிகம், பன்னிரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனை" என்று இருக்கிறது. ஏஜென்டிடம் டிக் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் வேறு ஆளைப் பார்க்கிறார். அந்தப் பயம் இருக்கிறது.

ஒரு சந்தேகம் மட்டும். எனக்கு இனிமேல் இரண்டு வருடச் சான்றிதழுக்குப் பதில் குறைந்த காலத்துக்குத்தான் கொடுத்தால், நடுக்கடலில் அது முடிந்துபோனால் என்ன ஆகும்?

யூனியன்காரர்:

இரண்டு வருடம் என்பது உச்ச வரம்பு, 18 வயதுக்குக் கீழே என்றால் ஒரு வருடம். டாக்டர் குறைத்துத் தரலாம். பயணத்தின் நடுவில் முடிந்தால், அங்கீகரித்த டாக்டர் கிடைக்கும் அடுத்த துறைமுகம் வரை அது செல்லும், ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் போகக்கூடாது. ஏறும்போதே தேதியை மாஸ்டரிடம் (கேப்டனிடம்) சொல்லி, எந்தத் துறைமுகத்தில் எடுக்கலாம் என்று துறைமுக ஏஜென்டுக்கு மெயில் போடச் சொல்லுங்கள். கேட்டதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுகர் டாக்டர் கடிதம் வந்ததும் இங்கே சொல்லுங்கள். உங்கள் பகுதியில் கடலோடிகளைத் திரும்பத் திரும்ப எடுக்கும் மேனிங் ஆபீஸ்கள் எவை என்று நம் ஆட்களிடம் விசாரித்து வைக்கிறேன்.

ஃபிட்டர் அண்ணன்:

எங்கள் கம்பெனியில் மாத்திரையோடு மூன்று பேரை ஏற்றியிருக்கிறார்கள் என்று இன்று விசாரித்தபோது தெரிந்தது. ரீமெடிக்கல் முடிந்ததும் எனக்குத் தனிச்செய்தி போடு தம்பி. க்ரூ ஆபீசில் பேசிப் பார்க்கிறேன்.